யானைத் துட்டு

டிசம்பர் 8, திங்கள்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆழியாளம் பக்கமிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. யானைகள் மறுபடி வந்துவிட்டன. ராகிக் கதிர் முற்றும் நேரத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து கூட்டம் இறங்கி எங்கள் சானமாவுக் காட்டில் முகாம் போடும். வனத்துறைக்காரர்கள் போடூர்பள்ளம் பக்கம் விரட்டுவார்கள், இரண்டு நாளில் திரும்பி வரும். தை பிறக்கும்வரை இந்தப் போக்குவரத்து நிற்காது. அறுத்த ராகியைப் போர் போட்டு வைத்திருக்கிறோம். தம்பி டார்ச்சோடு களத்துக்குப் போய்விட்டான்.

தூக்கம் கலைந்ததால் பீரோவைத் திறந்து தகரப் பெட்டியை எடுத்தேன். 212 காசுகள், ஒவ்வொன்றும் தனிக் காகித உறையில். பிளாஸ்டிக் உறையில் போட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் அதன் மேல் எழுத முடியாது. எழுதத்தான் எனக்கு உறை வேண்டும். எங்கே கிடைத்தது, யார் கையால் வந்தது, எந்த வருஷம், எத்தனை கிராம் என்று நான்கு வரி.

முதல் உறையில் இப்படி இருக்கிறது: “சானமாவு, மேட்டு நிலம். ராகிக்குக் களை எடுக்கும்போது அவ்வா கண்டெடுத்தது. 1950-களில். செம்பு. யானை.”

அவ்வா, என் பாட்டி, இதை ‘ஏனுகு துட்டு’, யானைத் துட்டு என்பாள். வீட்டில் அவள் காலம்வரை தெலுங்குதான் பேச்சு. சட்டைப் பொத்தான் என்று நினைத்து எறியப் போனவள், மண்ணைத் துடைத்ததும் யானை தெரியவே முந்தானையில் முடிந்துகொண்டாளாம். பிறகு அது சாமி மாடத்துக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். முப்பது வருஷப் புளியில் யானையின் தும்பிக்கை பாதி கரைந்துபோயிற்று. பின்பக்கத்துப் பாரசீக எழுத்தும் மழுங்கிவிட்டது. திப்பு சுல்தான் காசு என்பது பத்தாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த அக்கசாலையில் அடித்தது, எந்த வருஷத்தது என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமை பெங்களூரில் நாணயக் கண்காட்சி தொடங்குகிறது. பாரசீகம் படிக்கத் தெரிந்தவர் யாராவது அங்கே இருப்பார்.

டிசம்பர் 10, புதன்

வெள்ளிக்கு விடுப்பு, சனிக்கு ஷிஃப்ட் மாற்றம், இரண்டும் கிடைத்துவிட்டன. சிப்காட்டில் டூல் ரூமில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. டை செய்வதுதான் தொழில். அதனால்தான் காசு பார்க்கும்போது மற்றவர்கள் ராஜாவைப் பார்க்க, என் கண் முதலில் விளிம்புக்குப் போகிறது.

இரண்டு டைகளுக்கு நடுவே உலோகத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தது பழங்காசு. அடி விழுந்ததும் செம்பு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் மெல்லிய கோடுகளாக நிற்கும், சில காசுகளில் விளிம்பே வெடித்திருக்கும். அச்சில் உருக்கி ஊற்றிய போலியில் இந்த ஓட்டம் இருக்காது. ஊசி முனைக் குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி ஓர் இணைப்புக் கோடு இருக்கும், அதை அரத்தால் தேய்த்த தடமும் இருக்கும். டை விரிசல் விட்டால் அந்த விரிசல் காசில் மேடான கோடாக விழும். ஒரே விரிசல் கோடு இரண்டு காசில் இருந்தால், இரண்டும் ஒரே டையில் பிறந்த உடன்பிறப்புகள். இருநூறு வருஷத்துக்கு முன் சம்மட்டி பிடித்தவன் எந்த அடியில் டை போயிற்று என்று நினைத்திருப்பானோ, அதே இடத்தில் என் விரல் நிற்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது.

சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் துணியில் சுற்றிய காசு ஒன்றை ரகசியமாகக் காட்டினார். ராமர் பட்டாபிஷேகம், பின்பக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’. அரிசியை இழுக்குமாம், ஐந்து லட்சத்துக்கு ஆள் இருக்கிறதாம். முன்பணமாக முப்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள், மனைவியின் வளையலை அடகு வைக்கப் போகிறார். உட்கார வைத்துச் சொன்னேன்: “அண்ணா, கம்பெனி இப்படி ஒரு அரை அணா அடிக்கவே இல்லை. இது போன தலைமுறையில் பட்டறையில் பண்ணின வில்லை. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. வளையலை வைக்காதீங்க.” பழைய காசு, பழைய நோட்டு வாங்குகிறோம் என்று கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021-இலேயே எச்சரித்ததையும் சொன்னேன். முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனால் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடகுக் கடைப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பினார். அது போதும்.

டிசம்பர் 12, வெள்ளி

காலை ஆறரைக்குக் கிளம்பி ஓசூர், அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்தபின் சில்க் போர்டு நெரிசலில் உட்கார்ந்து வேக வேண்டியதில்லை. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக்கில் இறங்கியபோது மணி ஒன்பதரை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் எங்கே இருக்கிறதென்று பார்த்தேன். 786 என்று முடியும் வரிசை எண் நோட்டுகள், பிறந்த தேதி நோட்டுகள், அச்சுப் பிழை நோட்டுகள் விற்கும் மேசைகளில்தான். பழங்காசு மேசைகள் சுவரோரம். நல்லதுதான், நின்று பார்க்க இடம் கிடைக்கும்.

முதல் மேசையில் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். திபேரியஸ். பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். இந்த வகையும் அகஸ்டஸின் இரண்டு பேரப்பிள்ளைகள் நிற்கும் வகையும்தான் நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் அதிகம். விலை என் ஒரு மாதச் சம்பளம். ஆனால் கையில் எடுத்துப் பார்க்கக் காசு கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே புதுக்கோட்டைப் புதையலை நினைத்தேன். 1898-இல் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. இனி இது பணமாகச் செல்லாது, தங்கமாகத்தான் செல்லும் என்று யாரோ போட்ட வெட்டு என்கிறார்கள். ஒரு காசில் அந்த வெட்டு இருந்தால் சிதைந்த காசு என்று ஒதுக்கியிருப்போம். 501-உம் ஒரே பானையில், ஒரே ஊரில் கிடைத்து எண்ணப்பட்டதால் அது ஒரு வழக்கம் என்று தெரிந்தது.

இரண்டாவது வரிசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஹொய்சளப் பொற்காசு. முன்பக்கம் சிம்மம், பின்பக்கம் மூன்று வரி பழங்கன்னடம். எனக்குக் கன்னடம் காதில்தான் ஏறும், கண்ணில் ஏறாது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்: “ஸ்ரீ தலகாடு கொண்ட.” விஷ்ணுவர்த்தனன் சோழரிடமிருந்து தலக்காட்டைப் பிடித்தபின் வெளியிட்டது. அந்த ‘கொண்ட’ காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் பராந்தகனின் கல்வெட்டுகளில் வரும் ‘மதுரை கொண்ட’வும் இதே ‘கொண்ட’தான். தோற்றவனும் வென்றவனும் வெற்றியைச் சொல்ல ஒரே வினைச்சொல்லை வைத்திருந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று மொழி பேசுகிறவர்களுக்கு இது ஆச்சரியமில்லை என்றாலும், பொன்னில் பார்த்தது இன்றுதான். இதே ஹொய்சளரில் வீர ராமநாதன் கடைசிக் காலத்தில் எங்கள் மாவட்டத்துக் குந்தாணியில் இருந்துதான் ஆண்டான். சொன்னேன். பெரியவர் மகிழ்ந்துபோய், “குந்தாணியா? எந்தப் பஸ்?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

கண்டீரவப் பணம் ஒரு தட்டு நிறையக் கிடந்தது. மைசூரின் கண்டீரவ நரசராஜ உடையார் தொடங்கி வைத்த பொன். துவரம்பருப்பு அளவுதான். அதற்குள் ஒரு நரசிம்மரை அடக்கியிருக்கிறான் அந்த டை வெட்டியவன். எங்கள் டூல் ரூமில் இன்று இதை வெட்ட மெஷின் வேண்டும். அவன் வெறும் கண்ணால், உளியால், வெளிச்சம் இருந்த நேரத்துக்குள் வெட்டினான். உருப்பெருக்கி லூப் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக இருந்தார்.

ஐதர் அலியின் வராகனையும் பார்த்தேன். ஒரு பக்கம் சிவனும் பார்வதியும், மறுபக்கம் ஐதர் பெயரின் முதல் எழுத்து ஒன்று மட்டும். 1763-இல் பெத்னூரைப் பிடித்தபின், அங்கே இக்கேரி நாயக்கர் அடித்த அதே உருவத்தை அவர் மாற்றவில்லை. ஜனங்களுக்குப் பழகிய காசு கையில் ஓட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஐதரின் மதப் போக்கைப் பற்றி இன்று மேடைகளில் இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் அந்தக் காசைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

மதியம் மூன்று மணிக்குத்தான் நான் தேடி வந்த ஆள் கிடைத்தார். ஓய்வுபெற்ற உருது ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். மேசை போட்டிருந்தவர் அவர் இல்லை. நண்பரின் மேசையில் உட்கார்ந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வாவின் காசை உறையோடு நீட்டினேன். காசைவிட உறையை முதலில் படித்தார். தமிழ் தெரியாததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். “பாட்டி எடுத்ததா? எந்த நிலம் என்றும் எழுதியிருக்கிறாயே” என்று தலையாட்டினார்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலாக எழும் என்பதை இருபது வருஷமாக லூப் பிடிக்கும் நான் இன்றுதான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வளைவாகக் காட்டினார். ‘ஜர்ப்’, அடிக்கப்பட்டது. அப்புறம் ‘பட்டண்’. ஸ்ரீரங்கப்பட்டணம். திப்புவின் காசுகளில் அதிகம் கிடைக்கும் அக்கசாலை அதுதான். யானையின் முதுகுக்கு மேல் இருந்த அரிப்பு அரிப்பான கோடுகளை நான் கீறல் என்றே நினைத்திருந்தேன். அவை எண்கள். வலமிருந்து இடமாக 1, 2, 1, 8. நபிகள் நாயகத்தின் பிறப்பை வைத்துத் திப்பு தொடங்கிய மவுலூதி ஆண்டு 1218. நம் கணக்கில் 1790-91.

வாய்விட்டே சொல்லிவிட்டேன்: “சார், 1791 ஜூலையில்தானே கார்ன்வாலிஸ் படை ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது.” அவர், “இருக்கலாம், ஆனால் காசு உன் நிலத்துக்கு அந்த வருஷமே வந்ததென்று இல்லை. காசுக்குக் கால் உண்டு, இருபது வருஷம்கூட நடக்கும்” என்றார். சரியான பேச்சு. சிப்பாயின் மடியிலிருந்து விழுந்ததா, தானியம் விற்ற குடியானவன் தொலைத்ததா என்று காசு சொல்லாது. ஆனால் அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்து, சானமாவு மேட்டு நிலத்தில் வந்து சேர்ந்தது என்பது இப்போது நிச்சயம். அந்த இரண்டாவது ஊரைச் சொன்னது அவ்வா.

விலை கேட்டேன், விற்க இல்லை, தெரிந்துகொள்ள. “இந்தத் தேய்மானத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தால் அதிகம்” என்றார் மேசைக்கார நண்பர்.

டிசம்பர் 13, சனி

மகளும் கூட வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். நுழைந்ததும் அவளுக்குத் திப்புவின் செம்பு வரிசையைக் காட்டினேன். ஒரு பெரியவர் ஐந்து அளவையும் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். திப்பு கடைசி ஆண்டுகளில் காசுகளுக்கு வானத்துப் பெயர் வைத்தார். இரட்டைக் காசு முஷ்தரி, வியாழன். ஒற்றை ஜொஹ்ரா, வெள்ளி. அரை பஹ்ராம், செவ்வாய். கால் அக்தர், நட்சத்திரம். அரைக்கால் குதுப், துருவ நட்சத்திரம். ஒற்றைக் காசு பதினொரு கிராமுக்குப் பக்கம், இரட்டை அதன் இருமடங்கு. ஊர்களுக்கும் புதுப் பெயர். திண்டுக்கல் காலிகாபாத், சத்தியமங்கலம் சலாமாபாத். “ரெண்டுமே நம்ம தமிழ்நாட்டு ஊர்ப்பா” என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். இரட்டைக் காசு யானையின் பின்னால் கொடி இருக்கும். ஒவ்வொரு யானையின் வாலையும் பார்த்துவிட்டு, “போன வாரம் நம்ம தோட்டத்துல வந்தது மாதிரியே வாலை வெச்சிருக்கு” என்றாள். காட்டு யானையைப் பார்த்தவன் வெட்டிய டைதான் அது, சந்தேகமே இல்லை.

இனி எழுதுவது மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

மண்டபத்தின் கடைசி மூலை மேசையில், தட்டுகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர். என் பேச்சைக் கேட்டு ஊரைத் தெரிந்துகொண்ட கடைக்காரர் எடுத்து மேலே வைத்தார். “உங்க பக்கத்து மால்தான் சார், தர்மபுரி சைடு. புதுசு.” அறுபது எழுபது சின்னக் காசுகள். செம்பும் ஈயமும். செம்மண் இன்னும் ஈரம் போகாத மாதிரி ஒட்டியிருந்தது. ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்த காசுகளுக்கே உள்ள ஒரே நிறப் பச்சை செம்புக் காசுகள் எல்லாவற்றிலும். ஏற்கெனவே சிலதைப் பிரித்து விற்றுவிட்டார்.

ஓர் ஈயக் காசைக் கையில் எடுத்தேன். நேற்றுக் கற்ற மாதிரி விளக்கைச் சாய்த்தேன். ஓரத்தில் நான்கைந்து கோடுகள். எழுத்தாக இருக்கலாம், அரிப்பாகவும் இருக்கலாம். இதயம் அடித்துக்கொண்டது. செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் ‘அதினன் எதிரான் சேந்தன்’ என்று தமிழ்ப் பிராமியில் ஒரு குறுநிலத் தலைவனின் பெயர் இருந்தது. கிடைத்த ஊர் ஆண்டிப்பட்டி என்று எழுதி வைத்ததால்தான், அதியமான் நாட்டை ஒட்டிய பகுதியில் ஈயத்தில் காசு அடித்த ஒருவன் இருந்தான் என்று இன்று பேச முடிகிறது. 1981-இல் ஜம்பையில் அதியன் நெடுமான் அஞ்சியின் கல்வெட்டு கிடைத்தது போல, மண் சொல்லும்போதுதான் தகடூரை, இன்றைய தர்மபுரியை, ஆண்ட அந்தக் குடும்பம் சங்கப் பாட்டிலிருந்து இறங்கி நிலத்துக்கு வருகிறது.

“தர்மபுரி சைடுன்னா எந்த ஊர்?”

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்க சார்.”

“பானையில இருந்ததா? எத்தனை காசு மொத்தம்?”

“உங்களுக்கு வேணும்னா நாலாயிரம். இன்னொருத்தர் கேட்டுட்டுப் போயிருக்கார்.”

என் பையில் ஆறாயிரம் இருந்தது. மூன்று முறை மண்டபத்தைச் சுற்றி வந்தேன். மூன்றாவது முறை போனபோது அதே கவரை இன்னொருவரிடம் கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதே அது தர்மபுரியும் இல்லை, கரூரும் இல்லை என்றாகிவிட்டது. என் காதில் விழுந்ததைக் கவனித்தும் அவர் குரலில் மாற்றமில்லை.

வாங்கவில்லை.

வெளியே டீ குடிக்கும்போது, நேற்று ஹொய்சளக் காசைப் படித்த பெரியவர் என்னைக் கண்டித்தார். “நீ வாங்காவிட்டால் அது மும்பைக்குப் போகும், அல்லது கடத்தப்படும். உன்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும். உங்கள் பெருவழுதிக் காசு எப்படி வந்தது? கடையிலிருந்துதானே?” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் காசு வியாபாரிகளிடம் வாங்கிச் சுத்தம் செய்த செப்புச் சதுரங்களில் ஒன்றில்தான் ‘பெருவழுதி’ என்ற பெயரைக் கண்டார். சங்கப் பாண்டியர் காசு அடித்தார்களா என்ற வாதமே அத்தோடு முடிந்தது. கரூர் ஆற்று மணலை அரித்தவர்களும் அவர்களிடம் வாங்கிய சேகரிப்பாளர்களும் இல்லாவிட்டால் காசில் பெயர் பொறித்த சேர அரசர்கள் மாக்கோதையும் குட்டுவன் கோதையும் உருக்குப் பட்டறைக்குப் போயிருப்பார்கள். அந்தக் கடன் எனக்குத் தெரியும். என் பெட்டியில் இருக்கும் பலதும் அப்படி வந்தவைதான்.

ஆனாலும் பெரியவரிடம் சொன்னேன்: பெருவழுதிக் காசில் பெயர் இருந்தது, அது தானே பேசியது. பெயர் இல்லாத காசுக்கு ஊர்தான் பெயர். அந்தக் கவரில் இருந்த எழுபதும் ஒரு பானை, ஒரு குழி, ஒரு வயல். எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதிலிருந்துதான் எது முந்தையது, எது எதுவரை புழங்கியது என்று தெரியும். ஒருவன் நான்கு, இன்னொருவன் பத்து என்று நேற்றே பிரித்துவிட்டார்கள். நான் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்தினாலும் என் உறையில் எழுத ஒரு வரி கிடையாது. நாலாயிரம் கொடுத்தால் அடுத்த பானையையும் இரவில் தோண்ட ஓர் ஆள் கிளம்புவான்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த அதே 1878-இல் வந்தது இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க அதில் இடமிருக்கிறது. 1972-இன் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சட்டம் தெரியாததால் பாதிப் பேர், போலீஸ் வருமென்ற பயத்தால் மீதிப் பேர், ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிடுகிறார்கள். உலோக மதிப்பும் ஐந்தில் ஒரு பங்கும் ஈயக் காசுக்கு என்ன கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கொண்டுவந்து கொடுப்பவனுக்கு வரலாற்று மதிப்பில் ஒரு பங்கு கொடுக்கும்படி அந்தத் தொகையைத் திருத்தியே ஆக வேண்டும்.

கிளம்புமுன் மகள் ஒரு மேசையில் நின்றுவிட்டாள். மறைந்துபோன ஒரு சேகரிப்பாளரின் சேகரத்தைக் குடும்பத்தார் பில்லோடு விற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டியில் தேய்ந்த கால் காசு, குட்டி யானை. அதோடு பழுத்த சீட்டு ஒன்று, ஊற்றுப் பேனாவில், ஆங்கில எழுத்தில்: ‘ராயக்கோட்டை, 1964, பாத்திரக் கடை’. அந்த மேசையிலேயே மோசமான நிலையில் இருந்த காசு அதுதான். முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். சீட்டைத் தனியே எடுத்துவிட்டு புது உறையில் போட்டுக்கொடுக்கப் போனார் அந்த அம்மா. “வேண்டாம்மா, சீட்டுதான் முக்கியம்” என்று மகள் முந்திக்கொண்டாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

நாள் முழுக்க களத்து வேலை. ராகியை அடித்து மூட்டை கட்டினோம். யானை நேற்று ராத்திரி போரில் ஒரு பக்கத்தை இழுத்துப் போட்டிருக்கிறது, பெரிய நஷ்டமில்லை. கண்காட்சிக்கு இன்று கடைசி நாள். அந்தக் கவர் இந்நேரம் முழுதாகப் பிரிந்திருக்கும்.

டிசம்பர் 16, செவ்வாய்

கிருஷ்ணகிரி போய் அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நடுகற்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மாடு பிடிக்கப் போய்ச் செத்தவன், புலியோடு சண்டை போட்டவன். ஒவ்வொரு கல்லும் எந்த ஊர் என்று எழுதி வைத்திருப்பதால் அந்த ஊர்க்காரன் வந்து தன் ஊரைப் பார்க்க முடிகிறது. காசுக்கும் அந்த ஒரு வரிதானே கேட்கிறேன்.

ராத்திரி முதல் உறையை மாற்றி எழுதினேன். பழைய உறையைக் கிழிக்கவில்லை, புது உறைக்குள் மடித்து வைத்தேன். “சானமாவு, மேட்டு நிலம். அவ்வா கண்டெடுத்தது. ஸ்ரீரங்கப்பட்டண அக்கசாலை. மவுலூதி 1218. எடை 10.4 கிராம், புளியில் தேய்ந்தது போக.”

அப்புறம் மகளும் நானும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். தமிழில் நான், கன்னடத்தில் அவள் சிநேகிதி, தெலுங்கில் என் மனைவி. நாளை பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டப் போகிறோம்:

“உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய காசு கிடைத்தால் புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். மண்ணோடு காகிதத்தில் மடியுங்கள். எந்த வயல், எவ்வளவு ஆழம், என்ன தேதி, கூட வேறென்ன கிடந்தது என்று அன்றைக்கே எழுதுங்கள். பானையாகக் கிடைத்தால் கலைக்காமல், பிரித்துக் கொள்ளாமல், தாசில்தார் மூலம் ஆட்சியருக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.”